கல்லடுப்பு சானாவா, இன்ஃப்ராரெட் பெட்டியா? தேவகோட்டை வீட்டுக்கு எது சரி

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். தேவகோட்டையில் உங்கள் ஐயா கட்டிய வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. அப்பச்சிக்கு, அதாவது உங்கள் அப்பாவுக்கு, 68 வயது, முழங்கால் வலி, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சானா என்றால் சூட்டில் உட்கார்ந்து வியர்க்கிற அறை. சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் தம்பி இன்ஃப்ராரெட் சானா பெட்டி ஒன்று வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். உங்களுக்கோ ஃபின்லாந்துக்காரர்கள் மாதிரி கல் வைத்த சானாதான் வேண்டும் என்று ஆசை. எது நல்லது, நம் ஊர் வெயிலில் இது தேவையா, அந்தப் பழைய வீடு தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் சிங்கப்பூரில் 9 வருடம் ஹோட்டல்களுக்கும் கிளப்புகளுக்கும் சானா ஹீட்டர் மாட்டும் வேலையில் இருந்தவன். காரைக்குடிக்குத் திரும்பி வந்த பிறகு, செட்டிநாட்டு வீடுகளை விடுதியாக மாற்றுகிறவர்களுக்கு இரண்டு வகையும் வைத்துக் கொடுத்திருக்கிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அப்பச்சிக்காக என்றால் இன்ஃப்ராரெட் போதும், டாக்டர் சரி சொன்னால். ஆனால் இதயத்துக்கு நல்லது, ஆயுள் கூடும் என்று நம்பி அதை வாங்காதீர்கள். அந்த நல்ல பெயர் முழுக்கக் கல்லடுப்பு சானா சம்பாதித்தது. பெட்டி விற்கிறவர்கள் அதை எடுத்துத் தங்கள் விளம்பரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். எனக்கு இதில் உள்ள ஒரே ஆதங்கம் அதுதான், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எதைச் சூடாக்குகிறோம் என்பதில் இருக்கிறது. நம் ஊர்க் கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பை நினைத்துப் பாருங்கள். அடுப்புக்கு எதிரே நின்று கிண்டுகிறவருக்கு முகமும் நெஞ்சும் எரியும், முதுகு சாதாரணமாக இருக்கும். தணலிலிருந்து நேராகப் பாயும் அனல் அது, அதுதான் அகச்சிவப்புக் கதிர், இன்ஃப்ராரெட். அதே கொட்டகையைத் தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் மூடிவிட்டால் கொஞ்ச நேரத்தில் உள்ளே இருக்கும் காற்றே கொதிக்க ஆரம்பிக்கும், எந்த மூலையில் நின்றாலும் வேகும். அது கல்லடுப்பு சானா.

ஃபின்லாந்து முறையில் ஹீட்டர் மேல் குவித்த கற்கள் சூடாகி, அறைக் காற்று 80, 90 டிகிரிக்குப் போகும். காற்று வறண்டிருக்கும், ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதம். அதனால்தான் அந்தச் சூட்டைத் தாங்க முடிகிறது. பிறகு மர அகப்பையில் தண்ணீர் மொண்டு கல் மேல் ஊற்றுவார்கள். முதன்முதலில் அதற்குள் உட்கார்ந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சொய்யென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், ஒன்றும் ஆகவில்லையே என்று நினைத்தேன். இரண்டு நொடி கழித்து, மேல்கூரையில் முட்டித் திரும்பிய ஆவி முதலில் காது மடலைச் சுட்டது, அப்புறம் தோள், அப்புறம் முதுகு முழுவதும் ஒரு சூடான துணியைப் போட்ட மாதிரி இறங்கியது. அந்த ஆவிக்கு அவர்கள் மொழியில் லோய்லு என்று தனிப் பெயரே உண்டு. 55 லட்சம் பேர் வாழும் நாட்டில் 30 லட்சம் சானா இருக்கிறது என்பார்கள். 2020-ல் யுனெஸ்கோ அந்தச் சானாப் பழக்கத்தை மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இன்ஃப்ராரெட் பெட்டியில் இந்த அனுபவம் கிடையாது. கல் இல்லை, தண்ணீர் ஊற்றக் கூடாது. சுவரில் கார்பன் பலகையோ செராமிக் குழாயோ இருக்கும், காற்று 45 முதல் 60 டிகிரிதான். உள்ளே போனதும் முதல் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும், பிறகு நெற்றியில் மணிமணியாக வியர்க்கும். பலகைக்கு நேரே இருக்கும் உடம்புதான் சூடாகும். மலிவான பெட்டிகளில் முதுகுப் பக்கம் மட்டும் பலகை வைத்து, முன்பக்கமும் காலும் வெறுமனே இருக்கும். உங்கள் அப்பச்சிக்கு வலி முழங்காலில், எனவே வாங்கும்போது கெண்டைக்கால் உயரத்திலும் எதிர்ச் சுவரிலும் பலகை இருக்கிறதா என்று தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

விற்பனைக்காரர்கள் சொல்லும் பெரிய வாக்கியம் ஒன்று உண்டு: கதிர் உடம்புக்குள் நாலைந்து சென்டிமீட்டர் ஊடுருவி எலும்புவரை போகும் என்று. இந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது தொலை அகச்சிவப்பு, அலைநீளம் 3 மைக்ரானுக்கு மேல். தோலில் இருக்கும் ஈரம் அதைத் தோலின் மேல் ஏட்டிலேயே, ஒரு மில்லிமீட்டருக்குள்ளாகவே, உறிஞ்சிவிடும். அண்மை அகச்சிவப்பு சில மில்லிமீட்டர் போகும், அவ்வளவே. அதற்கு மேல் உள்ளே போகிற சூடு ரத்த ஓட்டம் எடுத்துக்கொண்டு போவது, அது வெந்நீர் ஒத்தடத்திலும் நடக்கிற காரியம். இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

சரி, ஆராய்ச்சிக்கு வருவோம், இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். சானா இதயத்துக்கு நல்லது என்று எல்லோரும் காட்டுவது கிழக்கு ஃபின்லாந்தின் குவோபியோ பகுதியில் நடந்த ஆய்வு, 2015-ல் வெளியானது. 42 முதல் 60 வயதுக்குள் இருந்த 2315 ஆண்களை ஏறக்குறைய 20 வருடம் கவனித்தார்கள். வாரம் ஒரு தடவை சானா போனவர்களைவிட வாரம் 4 முதல் 7 தடவை போனவர்களிடம் இதயம் திடீரென நின்று சாவது 63 சதவீதம் குறைவாக இருந்தது, மொத்தச் சாவுகள் 40 சதவீதம் குறைவு. பிரமாதமான எண்கள்தான். ஆனால் அந்த 2315 பேரும் உட்கார்ந்தது சராசரி 79 டிகிரிச் சூட்டில், கல்லடுப்பு சானாவில். ஒருவர்கூட இன்ஃப்ராரெட் பெட்டியில் உட்கார்ந்தவரில்லை. இன்னொன்று, இது கவனித்துப் பார்த்த ஆய்வு, யாரையும் பிரித்து வைத்துச் சோதித்ததில்லை. வாரம் ஆறு நாள் சானா போகிற மனிதருக்கு ஏற்கெனவே உடம்பும் மனசும் நேரமும் நன்றாக இருந்திருக்கலாம். ஆய்வாளர்கள் புகை, பிரஷர், சர்க்கரை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்திருக்கிறார்கள், இருந்தாலும் அந்தச் சந்தேகம் முழுதாகப் போகாது.

இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டதும் உண்டு. 2025-ல் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 20 இளைஞர்களை மூன்று விதமாகச் சூடாக்கிப் பார்த்தார்கள்: 40.5 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் 45 நிமிடம், 80 டிகிரிச் சானாவில் பத்துப் பத்து நிமிடமாக மூன்று சுற்று, இன்ஃப்ராரெட் பெட்டியில் 45 நிமிடம். உடம்பின் உள்சூடு வெந்நீரில் 1.1 டிகிரி ஏறியது, சானாவில் 0.4, இன்ஃப்ராரெட்டில் ஏறவே இல்லை. வியர்வை வந்ததே தவிர உள்ளே சூடு கூடவில்லை. இதயத் துடிப்பு கூடுவது, ரத்தக் குழாய் விரிவது எல்லாம் இந்த உள்சூட்டோடு சேர்ந்து வருவது என்பதால், ஃபின்லாந்துப் பலனை அப்படியே இன்ஃப்ராரெட் பெட்டிக்கு மாற்றி எழுத முடியாது. இதைப் படித்தபோது எனக்கு அந்த வெந்நீர்த் தொட்டிதான் ஆச்சரியம், நம் வீடுகளில் பித்தளை அண்டாவில் வெந்நீர் போட்டு வைத்த காலம் நினைவுக்கு வந்தது.

அதற்காக இன்ஃப்ராரெட்டைத் தள்ளிவிட வேண்டாம். ஜப்பானில் ககோஷிமா பல்கலைக்கழகத்து இதய மருத்துவர்கள் வாவோன் என்ற சிகிச்சையை உருவாக்கினார்கள். இதயம் பலவீனமான நோயாளிகளை 60 டிகிரி தொலை அகச்சிவப்பு அறையில் 15 நிமிடம் உட்கார வைத்து, பிறகு வெளியே போர்வை போர்த்தி 30 நிமிடம் படுக்க வைப்பது, போகும் முன்னும் வந்த பின்னும் எடை பார்த்து, குறைந்த அளவுக்குத் தண்ணீர் கொடுப்பது. சூடு கழியாமல் போர்வைக்குள் அடைத்து வைக்கிறார்கள் பாருங்கள், அதுதான் அந்த முறையின் உயிர். ஆனால் கடையில் வாங்கிய பெட்டியோடு அந்தப் போர்வையும் மருத்துவரும் வருவதில்லை. 2016-ல் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்த சோதனையில் நோயாளிகள் கூடுதல் தூரம் நடந்தார்கள், ஆனால் முக்கியமாக அளந்த ரத்தப் பரிசோதனையில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் தெளிவான வித்தியாசம் வரவில்லை. மூட்டு விஷயத்தில், நெதர்லாந்தில் 2009-ல் வெளியான சின்ன ஆய்வு ஒன்று இருக்கிறது. முடக்குவாதம் உள்ளவர்கள் 17 பேர், முதுகெலும்பு இறுகும் வாதம் உள்ளவர்கள் 17 பேர், நாலு வாரத்தில் 8 தடவை இன்ஃப்ராரெட். உள்ளே இருக்கும்போது வலியும் விறைப்பும் நன்றாகக் குறைந்தன, யாருக்கும் நோய் கூடவில்லை, நீண்ட நாள் பலன் உறுதியாகவில்லை. அப்பச்சிக்கு இருப்பது வயதால் வரும் முழங்கால் தேய்மானம் என்றால் அது வேறு நோய், இருந்தாலும் கொஞ்ச நேரத்துக்கு இதமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதில் தப்பில்லை.

வியர்வையில் நச்சு வெளியேறும் என்பதை விட்டுவிடுங்கள். வியர்வை தண்ணீரும் உப்பும்தான், கழிவைப் பிரிப்பது ஈரலும் சிறுநீரகமும். ஒரு தடவையில் குறைகிற அரைக் கிலோ எடையும் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தால் திரும்பி வந்துவிடும்.

இப்போது வீடு. நம் வீட்டு அறைகளின் உயரமே முதல் பிரச்சினை, 14 அடி இருக்கும். சூடான காற்று மேலே போய் உத்தரத்தின் கீழே தேங்கி நிற்கும், கீழே உட்கார்ந்திருக்கிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. ஆகவே அறையையே சானாவாக மாற்றலாம் என்று நினைக்காதீர்கள். அறைக்குள் ஒரு மரப்பெட்டி கட்ட வேண்டும், உயரம் 7 அடிக்கு மேல் வேண்டாம். 6 அடிக்கு 6 அடி வைத்தால் ஏறக்குறைய 7 கன மீட்டர். கன மீட்டருக்கு ஒரு கிலோவாட் என்பது கணக்கு, அதனால் 7, 8 கிலோவாட் ஹீட்டர், மூன்று பேஸ் இணைப்பு இல்லாமல் ஆகாது. சூடேற முக்கால் மணி நேரம், உட்காரும் நேரத்தையும் சேர்த்து ஒரு தடவைக்கு 7, 8 யூனிட். இன்ஃப்ராரெட் பெட்டி 2 கிலோவாட் சுமார், 16 ஆம்பியர் பிளக்கில் ஓடும், கால் மணியில் தயாராகும், 2 யூனிட்டில் முடிந்துவிடும். எதை வைத்தாலும் உங்கள் வீட்டில் இன்னும் பழைய மரப்பட்டி வயரிங் இருந்தால் அதில் சேர்க்காதீர்கள், மீட்டரிலிருந்து தனி லைன், நல்ல எர்த், மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம்.

மரத்தைப் பற்றி ஒரு சம்பவம். கானாடுகாத்தான் பக்கம் ஒரு விடுதிக்குக் கல்லடுப்பு சானா வைத்தோம். வீட்டில் இடித்து எடுத்த பர்மா தேக்குப் பலகை அடுக்கி வைத்திருந்தார்கள், நூறு வருட மரம், தட்டினால் மணி மாதிரி ஒலிக்கும். அதிலேயே பெஞ்ச் செய்யுங்கள், பிரெஞ்ச் பாலிஷ் போடுங்கள் என்று உரிமையாளர் ஆசைப்பட்டார். நான் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. இரண்டாம் நாள் ஒரு விருந்தினர் துண்டு போடாமல் உட்கார்ந்து எழுந்தார், தொடையில் பெஞ்ச் சட்டத்தின் அச்சு சிவப்பாக வரிவரியாகப் பதிந்திருந்தது, பாலிஷ் இளகிய வாடை வேறு கண்ணை எரித்தது. தேக்கு கனமான மரம், சூட்டைப் பிடித்து வைத்துத் தோலுக்கு வேகமாகக் கடத்தும். சானா பெஞ்சுக்கு ஆஸ்பென், அபாச்சி மாதிரி எடை குறைந்த, பிசின் இல்லாத மரம் வேண்டும். தேக்கின் எடை அவற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆணித்தலை எதுவும் மேலே தெரியக் கூடாது, உள்ளே வார்னிஷும் கூடாது, ஒட்டுப்பலகையும் கூடாது. அந்தப் பெஞ்சை முழுக்கப் பிரித்து மாற்றிக் கொடுத்தேன். தேக்கு இப்போது அங்கே வெளியே துணி மாற்றும் இடத்தில் அழகாக நிற்கிறது, அதன் இடம் அதுதான்.

கல்லும் அப்படியே. நம் பக்கத்துச் செம்பாறாங்கல் துளை துளையானது, தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு சூட்டில் வெடிக்கும். ஆற்றுக் கூழாங்கல்லும் நம்ப முடியாது. ஹீட்டரோடு வருகிற கறுப்புக் கல்லையே பயன்படுத்துங்கள், உப்புத் தண்ணீரை அதன் மேல் ஊற்றாதீர்கள், வெள்ளையாகப் படிந்து ஹீட்டர் கம்பியைக் கெடுக்கும். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி விடுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த அந்தச் சுண்ணாம்புப் பூச்சு காற்றாட இருந்தால்தான் நிற்கும், ஈரத்தை அடைத்து வைத்தால் கொப்புளித்துவிடும். ஆத்தங்குடிக் கல் தரை பிரச்சினை செய்யாது, மேலே மரச்சட்டம் போட்டுக்கொண்டால் போதும். கரையானுக்கு மட்டும் பயப்படுங்கள். இறக்குமதிப் பெட்டிகளின் ஹெம்லாக் மரம் கரையானுக்கு நல்ல சாப்பாடு, அடியில் இரும்புக் கால் கொடுத்துத் தூக்கி வையுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், உள்ளே தாழ்ப்பாளே வேண்டாம்.

நம் ஊர் வெயிலில் இது எதற்கு என்ற கேள்விக்கு என் பதில் ஆறுவதில் இருக்கிறது. ஃபின்லாந்தில் சூடான பிறகு ஏரியில் குதிப்பார்கள், பனியில் நிற்பார்கள், அந்த ஆறுதல் பாதி வைத்தியம். நமக்கு மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் மாடித் தொட்டித் தண்ணீர் கொதித்துக்கொண்டு வரும், வெளியே 39 டிகிரி. சானாவிலிருந்து வெளியே வந்தும் உடம்பு ஆறவில்லை என்றால் அது கெடுதல். ஆகவே மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை, மற்ற நாளில் பொழுது சாய்ந்த பிறகு. கிணறு இருக்கிற வீடு என்றால் உங்கள் அதிர்ஷ்டம், கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் இறைத்து வைத்துக்கொள்ளலாம். வளவில், அதாவது உள்முற்றத்துப் பக்கம், காற்றாடக் கட்டில் போட்டுப் பத்து நிமிடம் படுத்தால் எந்த ஹோட்டலிலும் கிடைக்காத சுகம். சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் பூட்டி வையுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

அப்பச்சி விஷயம். எந்த மாத்திரை என்று எழுதவில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், இன்ன சூட்டில் இவ்வளவு நேரம் உட்காரப் போகிறார் என்று சொல்லியே கேளுங்கள். நீர் பிரிய வைக்கும் மாத்திரை, அட்டெனலால் மாதிரி துடிப்பைக் குறைக்கும் மாத்திரை, நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழே வைக்கிற மாத்திரை, இவை இருந்தால் எழுந்து நிற்கும்போது பிரஷர் திடீரென இறங்கிக் கண் இருட்டும். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், நெஞ்சுவலி அடங்காதவர்கள், இதய வால்வு இறுகியவர்கள் இரண்டு வகைக்கும் போகக் கூடாது. குடித்துவிட்டுப் போகவே கூடாது. கர்ப்பிணிகளும் வேண்டாம். குழந்தைக்காகக் காத்திருக்கும் ஆண்கள் அந்த மாதங்களில் தள்ளியே இருக்கட்டும், விந்தணு குறையும், நிறுத்தினால் பழையபடி வரும். 2010-ல் ஃபின்லாந்தின் ஹெய்னோலாவில் 110 டிகிரியில் யார் அதிக நேரம் உட்காருவது என்று போட்டி வைத்து, இறுதிச் சுற்றில் ஒருவர் செத்தே போனார், அத்தோடு அந்தப் போட்டியை நிறுத்தினார்கள். பிறந்ததிலிருந்து சானாவில் வளர்கிற நாட்டிலேயே அப்படி என்றால் நாம் வீம்பு பிடிக்க ஒன்றுமில்லை.

உங்களுக்கு 40-க்குள் வயது, உடம்பில் ஒன்றுமில்லை, மூன்று பேஸும் இருக்கிறது, வாரம் மூன்று நாளாவது உட்காருவேன் என்றால் கல்லடுப்பு சானாதான் என் விருப்பம், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அப்பச்சி ஒருவருக்காக மட்டும் என்றால் அந்தச் செலவு வேண்டாம். இன்ஃப்ராரெட்டும் உடனே வேண்டாம், முதலில் ஒரு மாதம் அப்பத்தா காலத்து வைத்தியத்தைச் செய்து பாருங்கள்: நொச்சி இலை போட்ட வெந்நீரில் துணி நனைத்துப் பிழிந்து முழங்காலுக்கு ஒத்தடம், அல்லது தவிடும் உப்பும் வறுத்துக் கட்டிய பொட்டணம், தினம் கால் மணி நேரம். அதில் இதம் தெரிந்தால் சூடு அவருக்கு ஒத்துக்கொள்கிறது என்று அர்த்தம், தம்பியிடம் பெட்டி அனுப்பச் சொல்லலாம்.

பெட்டி வந்ததும் முதல் வாரம் 45 டிகிரி, 10 நிமிடம், அதற்கு மேல் போகாதீர்கள். முன்னால் ஒரு சொம்புத் தண்ணீர், பிறகு ஒரு சொம்பு மோர், டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் உப்பில்லாமல். முடிந்ததும் சட்டென்று எழ விடாதீர்கள், கதவைத் திறந்துவிட்டு இரண்டு நிமிடம் காலைத் தொங்கப் போட்டு அப்படியே உட்காரட்டும். அந்த நேரம் வீட்டில் ஒருவர் கூப்பிடு தூரத்தில், பட்டாலையிலோ வளவிலோ இருக்க வேண்டும், உங்கள் ஆத்தாவிடம் சொல்லி வையுங்கள். மீட்டர் போர்டையும் அந்த அறையையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், லைன் எப்படி இழுப்பது என்று நானே வரைந்து தருகிறேன்.